பரலோகத்துக்கு அனுப்பிய கட்டில்

டொம்னிகா அக்காவைப் பற்றி எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும், "அந்த அம்மா மாதிரி தானதர்மம் செய்யறவங்க இந்த டான்யூப் கரையிலயே கிடையாது" என்பார்கள். என்னைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வேன். நான் அவள் வீட்டு அடுப்படியில் வருஷக்கணக்காக வெந்தவள்.

என் பெயர் தெக்லா. ஊரில் ஒரு உயிர் போனால் முதலில் பாதிரியாருக்கு ஆள் போகும், அப்புறம் எனக்கு. செத்தவர் பெயரில் போடுகிற விருந்துக்கெல்லாம் பானை ஏற்றுவது நான்தான். ஒரு குடும்பத்தின் பக்தியைத் தெரிந்துகொள்ள தேவாலயத்துக்குப் போக வேண்டியதில்லை, அடுப்படிக்கு வந்தால் போதும். இறைச்சியைக் குறைத்து அரிசியைக் கூட்டச் சொல்கிறவர்கள் உண்டு. பாதிரியார் தட்டுக்கு மட்டும் நல்ல துண்டாகப் பார்த்து ஒதுக்கச் சொல்கிறவர்கள் உண்டு. வாசலில் நிற்கிற ஏழைக்கு நேற்றைய ரொட்டியைச் சூடு பண்ணிக் கொடுக்கச் சொல்கிறவர்களும் உண்டு. டொம்னிகா இந்த மூன்றையும் செய்வாள். செய்துவிட்டு, தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு சிலுவை போட்டுக்கொள்வாள்.

அவள் புருஷன் கிளிகோர் மாவு மில் வைத்திருந்தார். தங்கமான மனுஷன், அதிகம் பேச மாட்டார். பேச இடம் கிடைத்தால்தானே. அவர் போனதும் மில்லை விற்றாள். ஒரே மகன் ரெலு இத்தாலிக்குப் போய் ஜெனோவாவில் தரைக்கு ஓடு பதிக்கிறான். கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் போன் பண்ணுவான், வீடு இன்னும் அம்மா பெயரில்தானா என்று கேட்பான், வைத்துவிடுவான்.

எங்கள் சபைக்கு விரத நாட்களான புதன், வெள்ளி இரண்டு நாளும் டொம்னிகா இறைச்சி, பால், முட்டை எதையும் தொட மாட்டாள். தொடாதவள் சும்மா இருக்கலாம் அல்லவா? மூக்கைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடப்பாள். "யார் வீட்டுல பன்றிக் கொழுப்பு பொரியுது? வெள்ளிக்கிழமையும் அதுவுமா!" அவள் வருவதைப் பார்த்து ஜன்னலைச் சாத்திக்கொண்டு சமைத்த குடும்பங்கள் எனக்குத் தெரியும்.

தேவாலயத்துக்கு ஒரு சிவப்புக் கம்பளம் நெய்து கொடுத்தாள். ஓரத்தில் கொட்டை எழுத்தில், 'டொம்னிகாவின் காணிக்கை.' வருகிறவர்கள் தன் பெயர் மேல் மிதிக்கிறார்கள் என்று ஒரு மாதம் குமுறினாள். பிறகு அதைத் திருப்பிப் போட்டாள், பெயர் பீடத்துப் பக்கம் இருக்கும்படி. "கடவுள் அந்தப் பக்கத்துலேர்ந்துதானே பாக்கறார்" என்றாள். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

பிச்சை போடும்போதும் இதே கதைதான். ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டே, "யாரு குடுத்ததுன்னு சொல்லு. முழுப்பேரைச் சொல்லு. ஊர்ல வேற டொம்னிகாவும் இருக்கா, புண்ணியம் மாறிப் போயிடும்" என்பாள். பசித்தவன் வாய் குழறாமல் அவள் பெயரைச் சொல்லி முடித்த பிறகுதான் ரொட்டி கைமாறும்.

ஒரு இலையுதிர் காலத்தில் என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

"தெக்லா, நான் செத்தா ரெலு எனக்கு விருந்து போடுவான்னு நினைக்கறியா?"

"ஏன் போடாம, போடுவான் அக்கா. பீட்சா வாங்கிப் போடுவான்."

அவள் சிரிக்கவில்லை. "அதான் நானே போட்டுக்கப் போறேன்" என்றாள்.

பிள்ளைகளை நம்பாதவர்கள் தங்கள் சாவு விருந்தை உயிரோடு இருக்கும்போதே போட்டுக்கொள்வது எங்கள் பக்கத்தில் உண்டு. விருந்தோடு விட மாட்டார்கள். மறுவுலகத்தில் தனக்கு என்னென்ன வேண்டுமோ அத்தனையையும் இங்கே ஓர் ஏழைக்குக் கொடுத்துவிட வேண்டும். ஆண் என்றால் ஆணுக்கு, பெண் என்றால் பெண்ணுக்கு. அந்த ஏழை இங்கே எதை எப்படி அனுபவிக்கிறாளோ, அதுவே அப்படியே அங்கே கொடுத்தவளுக்குக் காத்திருக்கும். டொம்னிகா தன் சாமான்களை எனக்கு வரிசையாகச் சொன்னாள்: ஸ்பிரிங் கட்டில், கம்பளி மெத்தை, வாத்து இறகுத் தலையணை, ரஜாய் என்கிற கனத்த பஞ்சுப் போர்வை, மேஜை, நாற்காலி, தட்டு, கரண்டி, வாளி, ஒரு தகர அடுப்பு.

"அடுப்பு எதுக்கு அக்கா? அங்கயும் குளிருமா?"

"யார் கண்டா? இருக்கட்டுமே."

சாமான் வாங்குவது சுலபமாக முடிந்தது. வாங்கிக்கொள்கிற ஆளைப் பிடிப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது. சந்தையில் பசு பிடிக்கிறவள்கூட அத்தனை ஆராய மாட்டாள். ஒருத்திக்கு மூன்று பிள்ளைகள், மெத்தையை மிதித்துக் குழியாக்கிவிடுவார்கள், வேண்டாம். இன்னொருத்தி குறட்டை விடுவாள், அந்தச் சத்தம் அங்கேயும் கேட்டால்? ஜிப்ஸித் தெருவில் ஒரு பாட்டி இருந்தாள், பாவம், வைக்கோல் மேல் படுப்பவள். "ஐயையோ, அவ படுத்த படுக்கையிலயா நான் பரலோகத்துல படுக்கணும்?" என்று டொம்னிகா பதறினாள்.

கடைசியில் லிசவேத்தா மாட்டினாள். கூட்டுப்பண்ணை இருந்த காலத்தில் மாடு கறந்தவள். பண்ணை மூடியதும் அங்கே காவல்காரன் இருந்த ஒற்றை அறையில் ஒதுங்கிக்கொண்டாள். கல்யாணமாகாதவள், ஒல்லி, சுத்தக்காரி. குறை என்றால், சிகரெட் பிடிப்பாள், சிரித்தால் ஊர் முழுக்கக் கேட்கும். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கும் வர மாட்டாள். வருகிறவர்களுடைய மாடுகளுக்கு அந்த நேரத்தில் தீனி வைக்க ஒருத்தி வேண்டாமா? அதைத்தான் அவள் செய்துகொண்டிருந்தாள்.

விருந்தன்று தேவாலய முற்றத்தில் கட்டிலைப் போட்டு, அதன் காலில் மெழுகுவர்த்தி கட்டி, பாதிரியார் எஃப்திமி சாமி தூபம் காட்டினார். லிசவேத்தா எல்லார் முன்னாலும் அதில் உட்கார்ந்து ஒரு வாய் ரொட்டி தின்ன வேண்டும், அதுதான் பெற்றுக்கொண்டதற்கு அடையாளம். அவள் உட்கார்ந்தாள், இரண்டு தரம் எம்பிப் பார்த்தாள்.

"அக்கா, ஸ்பிரிங் பிரமாதம். நீங்க அங்க தூங்க மாட்டீங்க, குதிச்சிட்டே இருப்பீங்க."

முற்றமே சிரித்தது. பாதிரியார் தூபக்கலசத்துப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

அன்றோடு விட்டாளா டொம்னிகா? சனிக்கிழமை தவறாமல் சோதனைக்குப் போனாள். நான் மிச்சம் மீதி ஏதாவது எடுத்துக்கொண்டு லிசவேத்தாவைப் பார்க்கப் போகும்போதெல்லாம் டொம்னிகா அங்கே இடுப்பில் கை வைத்து நிற்பாள்.

"ரஜாயை ஏன்டி அடுப்புக்கிட்ட வச்சிருக்க? பொறி பட்டு ஓட்டை விழுந்தா, அங்க நான் ஓட்டை ரஜாயைப் போத்திக்கணுமா?"

"பாத்துக்கறேன் அக்கா."

"கட்டில்ல உக்காந்து சிகரெட் பிடிக்காதே. என் மேல வாடை வரும். பரிசுத்தவான்க என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

"நல்ல சிகரெட்தான் அக்கா, அவங்களுக்கும் ஒண்ணு குடுங்க."

இதையெல்லாம் ஊர் பக்தி என்றே சொன்னது. "எவ்வளவு அக்கறை பாரு, வாரா வாரம் போய் விசாரிக்கறாங்க" என்று பாதிரியார் மனைவியே மெச்சினாள் (எங்கள் சபையில் பாதிரியார்கள் கல்யாணம் செய்துகொள்ளலாம்). எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஜனவரி ஆறாம் தேதி, ஞானஸ்நானத் திருவிழா. அன்று பாதிரியார் ஆற்றில் சிலுவையை எறிவார், இளவட்டங்கள் அந்தக் குளிரில் குதித்து எடுத்து வருவார்கள். நான் அங்கே போகவில்லை. அன்றைக்கு டொம்னிகா வீட்டில் சாமிக்கும் பஞ்சாயத்துக்காரர்களுக்கும் சாப்பாடு, நான் முட்டைக்கோஸ் இலையில் இறைச்சி உருட்டிக்கொண்டிருந்தேன். நடந்ததைப் போய் வந்தவர்கள் சொல்லித்தான் தெரியும்.

சாமி சிலுவையை எறிந்தாராம். யாரும் குதிக்கவில்லை. குதிக்கிற வயசுப் பையன்கள் எல்லாரும் இத்தாலியிலும் ஸ்பெயினிலும் கட்டடம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். மரச்சிலுவை பனிக்கட்டி ஓரமாக மிதந்துகொண்டே போகிறது, ஊரே பார்த்துக்கொண்டு நிற்கிறது. அப்போது டொம்னிகா கத்தினாளாம், "இந்த ஊர்ல ஒரு ஆம்பளை கிடையாதா? கர்த்தருடைய சிலுவை அக்கரைக்கு, பல்கேரியாவுக்குப் போகுதே!"

ஒரு ஆம்பளை இருந்தான். தித்து. படகுத்துறையில் மூட்டை தூக்கினவன். துறை மூடியபின் வீடு வாசல் இல்லை, பஸ் நிறுத்தக் கொட்டகையில் படுக்கை, கிடைத்த வேலை, கிடைத்த சாராயம். அன்றும் உள்ளே கொஞ்சம் இருந்திருக்கிறது. போட்டிருந்த உடையோடு குதித்துவிட்டான். சிலுவையோடு வந்தான்.

அடேங்கப்பா, என்ன கைதட்டு! செல்போனில் படம் பிடித்தார்கள். ஆளாளுக்கு அவன் வாயில் பிளம் சாராயம் ஊற்றினார்கள். அவன் நடுங்குகிற கையில் சிலுவையைப் பிடித்திருக்க, முண்டியடித்துக்கொண்டு முத்தமிட்டார்கள். முதல் முத்தம் டொம்னிகாவுடையது. பிறகு மணி ஆகிவிட்டது, சாப்பாடு ஆறிவிடும் என்று எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள். ஒருவரும் அவனுக்கு ஒரு காய்ந்த சட்டை கொடுக்கவில்லை. நான் உருட்டின உருண்டைகளை வந்து தின்றுவிட்டு, இந்த வருஷம் திருவிழா அருமை என்று பேசிக்கொண்டார்கள்.

சாயங்காலம் மாட்டுக்குத் தண்ணீர் எடுக்கப் போன லிசவேத்தா, அவனைத் தேவாலயச் சுவரோரமாகச் சுருண்டு கிடக்கப் பார்த்தாள். உடை விறைத்துப் பலகையாகிவிட்டிருந்தது. தீனி தள்ளுகிற கைவண்டியில் போட்டுத் தள்ளிக்கொண்டு தன் அறைக்குக் கொண்டுபோனாள். அங்கே இருந்தது ஒரே கட்டில். அதில் கிடத்தினாள்.

மறுநாள் நர்ஸ் வந்து ஊசி போட்டாள். "நெஞ்சுல சளி கட்டிப் போச்சு. பனி பாதையை மூடியிருக்கு, வண்டி வராது. பாதை திறந்ததும் கிராயோவா ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம். அதுவரைக்கும் சூடா வச்சுக்குங்க. சூடு குறைஞ்சா ஆள் தாங்க மாட்டான்" என்றாள். விஷயம் அவ்வளவுதான். அந்தக் கட்டிலும் ரஜாயும் தகர அடுப்பும் இருந்தால் பிழைப்பான், இல்லாவிட்டால் இல்லை.

நான் கோழி சூப்பு எடுத்துக்கொண்டு போயிருந்த அன்று சனிக்கிழமை. கதவு திறந்தது, டொம்னிகா. கட்டிலைப் பார்த்தாள். தாடியோடு ஒரு தலை, வாத்து இறகுத் தலையணை மேல்.

"என் கட்டில்ல ஆம்பளையா!"

"காய்ச்சல் அக்கா," என்றாள் லிசவேத்தா. "சத்தம் போடாதீங்க, இப்பதான் கண்ணசந்தான்."

"கிளிகோர் போனதுலேர்ந்து ஒரு ஆம்பளை நிழல் என் படுக்கைல விழுந்ததில்லடி! நான் அங்க போறப்போ அவர் வாசல்ல நிப்பாரு. உள்ள வந்து பாத்தா, என் ரஜாய்க்குள்ள இந்தக் குடிகாரன்! நான் என்னன்னு பதில் சொல்லுவேன்?"

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்றே தெரியவில்லை. அவள் விளையாடவில்லை, கண்ணில் தண்ணீர் நின்றது.

"இவன்தான் அக்கா சிலுவையை எடுத்தவன். நீங்கதானே முதல்ல முத்தம் குடுத்தீங்க?"

"சிலுவைக்குக் குடுத்தேன்! அவனுக்கா குடுத்தேன்? கீழ படுக்க வை அவனை."

"தரை பச்சை மண்ணு. கீழ போட்டா செத்துடுவான்."

"செத்தா நான் மெழுகுவர்த்தி ஏத்தறேன்."

அப்படியேதான் சொன்னாள். நான் கூட்டிச் சொல்லவில்லை.

"நீயும் வா, சாட்சி சொல்லு" என்று என் கையைப் பிடித்துப் பாதிரியார் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். எஃப்திமி சாமி கெட்ட மனுஷர் இல்லை. கோழை, அவ்வளவுதான். டொம்னிகா புலம்பி முடிக்கும்வரை தாடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"குடுத்தது குடுத்ததுதானே அம்மா..."

"அப்போ அந்தப் பரதேசி நித்திய காலத்துக்கும் என் பக்கத்துல படுக்கலாமா சாமி? நீங்களே சொல்லுங்க. ஈஸ்டர் வந்ததும் கோயில் கூரைக்குத் தகடு போட்டுத் தரேன்னு சொல்லியிருக்கேன், என் மனசு இப்படி வெந்துட்டிருந்தா எப்படிப் போடுவேன்?"

கூரை என்றதும் சாமியின் கண் மேலே போனது. அவர் வீட்டுக் கூரையும் ஒழுகிக்கொண்டுதான் இருந்தது.

"வாங்கிக்கறவங்க, குடுத்தவங்க மனசுக்கு விரோதமா நடந்தா... வேற ஒருத்தருக்கு மாத்திக் குடுக்கறதுல தப்பில்லைன்னு பெரியவங்க சொல்லியிருக்காங்க."

"எந்தப் பெரியவங்க சாமி?" என்று கேட்டேன்.

சாமிக்கு உடனே இருமல் வந்துவிட்டது.

அன்றே குதிரை வண்டியும் இரண்டு ஆட்களும் வந்தார்கள். வந்தவர்களுக்கு எங்கள் முகத்தைப் பார்க்க வெட்கம், தரையைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தார்கள். தித்துவை நானும் லிசவேத்தாவும் தூக்கி வைக்கோல் மேல் படுக்க வைத்தோம். அவன் கண்ணைத் திறந்து, "வேலைக்கு நேரமாச்சா அக்கா?" என்றான். கட்டில் போனது, மெத்தை போனது, ரஜாய் போனது. எரிகிற அடுப்பில் இருந்த தணலை வாசல் பனியில் கொட்டிவிட்டு அடுப்பையும் தூக்கினார்கள். உஸ்ஸென்று புகை வந்தது. டொம்னிகா வண்டியில் ஏறப் போனபோது லிசவேத்தா பின்னாலேயே போனாள்.

"தலையணையை மறந்துட்டீங்க அக்கா" என்று அவள் மடியில் வைத்தாள்.

எருமை மேல் மழை பெய்த மாதிரி அதையும் வாங்கி அணைத்துக்கொண்டு உட்கார்ந்தாள் அந்தப் புண்ணியவதி.

தித்துவை என் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகலாம் என்றேன். அந்தக் காற்றில் வெளியே எடுத்தால் வழியிலேயே முடிந்துவிடும் என்று நர்ஸ் தடுத்துவிட்டாள். என் வீட்டு வைக்கோல் மெத்தையைக் கொண்டுவந்தேன், செங்கல்லைச் சுடவைத்துத் துணியில் சுற்றி அவன் காலடியில் வைத்தோம். அறை மூலையில் இருந்த பழைய அடுப்பு புகைந்ததே தவிர சுடவில்லை. அவன் மூச்சு நாளுக்கு நாள் கரகரத்தது. லிசவேத்தா தன் கோட்டையும் அவன் மேல் போட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பாதிரியாரிலிருந்து பஞ்சாயத்துத் தலைவர்வரை ஒருவர் விடாமல் திட்டினாள். திட்டினால் கொஞ்சம் சூடாக இருக்கிறது என்றாள்.

இனி டொம்னிகாவின் கூத்தைக் கேளுங்கள். கட்டில் திரும்பி வந்துவிட்டது. புதிதாக வாங்கிக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். மூன்று பிள்ளைக்காரியைக் கூப்பிட்டாள். "வேணாம் அக்கா, என் பசங்களும் ஏறிப் படுப்பானுங்க, அங்க உங்களுக்கு நெருக்கமா இருக்கும்" என்று அவள் போய்விட்டாள். குறட்டைக்காரி, "நான் குறட்டை விடுவேனே, தெரியாதா?" என்று கதவைச் சாத்தினாள். வேறு வழியில்லாமல் ஜிப்ஸித் தெருவுக்கே போனாள். வைக்கோல் மேல் படுக்கிற அந்தப் பாட்டி, பல்லில்லாத வாயால் சிரித்தாள். "ரஜாய் நல்லாத்தான் இருக்கும்மா. ஆனா எனக்கு உடம்புக்கு வந்து என் பேரன் என் பக்கத்துல படுத்தான்னா, நீங்க வண்டி கொண்டாந்துடுவீங்களே. எங்க வைக்கோலை யாரும் திருப்பிக் கேக்க மாட்டாங்க."

பக்கத்து ஊர்வரை விஷயம் பரவிவிட்டது. கையை நீட்ட ஒரு ஏழை இல்லை. வாங்கிக்கொள்ள ஆள் இல்லாவிட்டால் தானமும் இல்லை, அது சும்மா வீட்டில் கிடக்கிற கட்டில். பரலோகத்தில் டொம்னிகாவுக்கு வெறும் தரைதான்.

ஒருநாள் காலையில் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். என் வீட்டுப் படியை அவள் மிதித்தது அதுதான் முதல் தடவை. முகம் வெளுத்துப்போயிருந்தது, நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"தெக்லா, மாடி ஏறறப்போ இங்க குத்துது. இன்னிக்கே நான் போயிட்டா எங்கடி படுப்பேன்?"

"தரையிலதான் அக்கா. தித்து பழகிக்கிட்டான், நீங்களும் பழகிக்கலாம்."

சொல்லிவிட்டு நன்றாக அவள் முகத்தைப் பார்த்தேன். பொய் சொல்வானேன், எனக்குத் திருப்தியாக இருந்தது. ஆனால் அவள் பயம் நிஜமான பயம். குழந்தை இருட்டுக்குப் பயப்படுகிற மாதிரி.

அங்கிருந்து நேராக லிசவேத்தாவிடம் போனாள். நானும் பின்னாலேயே போனேன், வேடிக்கை பார்க்கத்தான். லிசவேத்தா அவளைத் தன் காலில் விழுந்து கெஞ்ச வைப்பாள், காறித் துப்புவாள் என்றெல்லாம் எதிர்பார்த்தேன். நானாக இருந்தால் இரண்டையும் செய்திருப்பேன்.

"கட்டிலைத் திரும்ப வாங்கிக்கடி" என்றாள் டொம்னிகா.

லிசவேத்தா தித்துவைப் பார்த்தாள். அவன் உதடு நீலம் பாய்ந்திருந்தது. "கொண்டாங்க, சீக்கிரம் கொண்டாங்க" என்றாள். "ஆனா இனிமே அதுல யார் படுக்கறாங்கன்னு நீங்க கேக்கக் கூடாது. படுக்க இடமில்லாதவன் எவன் வந்தாலும் படுப்பான்."

"எவனுமா?"

"எவனும்."

"பேன் இருந்தா?"

"பேனும் படுக்கும் அக்கா. அதுக்கு எங்க போக்கிடம்?"

டொம்னிகா சரியென்று தலையை ஆட்டினாள். மத்தியானத்துக்குள் கட்டில் வந்து சேர்ந்தது, அடுப்பு எரிந்தது, தித்துவைத் தூக்கி மறுபடியும் மெத்தையில் போட்டோம். ரஜாயை இழுத்து மூடும்போது அவன் பாதம் வெளியே தெரிந்தது. கறுத்து, வெடித்து, விரல் இடுக்கெல்லாம் அழுக்கு. டொம்னிகா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இந்தக் காலோடயா அங்க என் பக்கத்துல..."

"இந்தக் காலோடதான்" என்றாள் லிசவேத்தா.

"வெந்நீர் வை."

கோட்டைக் கழற்றி, கையை மடித்துவிட்டு, மண்டியிட்டு உட்கார்ந்து அந்தக் காலைத் தேய்க்க ஆரம்பித்தாள். பாதிரியார் பார்த்திருந்தால் பிரசங்கம் பண்ணியிருப்பார். நீங்களும் மனம் உருகிவிடாதீர்கள். நாளைக்குத் தன் பக்கத்தில் நீளப்போகிற காலை இன்றைக்கே கழுவி வைக்கிறாள், வேறொன்றுமில்லை. மெத்தைக்கு உறை மாற்றுகிற மாதிரிதான்.

மறுநாளும் வந்தாள். நகம் வெட்டினாள், தாடியைச் சிரைத்தாள், தலையில் மண்ணெண்ணெய் தடவிப் பேன் சீவினாள். கிளிகோருடைய பழைய இரவுச் சட்டையைக் கொண்டுவந்து மாட்டிவிட்டாள். "அவரு பாத்தா சட்டையையாவது அடையாளம் தெரியட்டும்" என்றாள். தேனும் பாலும் காய்ச்சி எடுத்து வந்தாள். பாசமா? "இப்படி இருமினான்னா நித்தியத்துக்கும் நான் எப்படித் தூங்கறது?" என்று எங்களைக் கேட்டாள். வந்ததிலிருந்து போகிறவரை வசவுதான். தித்து மட்டும் அதை வசவு என்று எடுத்துக்கொள்ளவில்லை.

"அம்மா, உங்க கை சூடா இருக்கு."

"வாயை மூடிட்டு காலை நீட்டு."

"எனக்கு யாரும் நகம் வெட்டினதில்லை."

"ஏன், உங்கம்மா எங்க போனா?"

"தெரியாது. அனாதை விடுதியில வளந்தேன்."

"பேராவது தெரியுமா? செத்தவங்களுக்கு வேண்டிக்கறப்போ பேர் சொல்லணுமேடா."

"தெரியாதும்மா."

டொம்னிகா கத்தரிக்கோலை அப்படியே பிடித்துக்கொண்டு இருந்தாள். "அப்போ மேலயும் உனக்குத் தெரிஞ்சவங்க யாரும் இல்லையா?" என்றாள்.

"நீங்க வருவீங்கல்ல?" என்றான் அவன். அவள் மீதி நகத்தை மெதுவாக வெட்டினாள்.

தரையில் கிடந்த அந்த நாட்கள் அவனை முடித்திருந்தன. நர்ஸ் அதைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை, எங்களுக்கே தெரிந்தது. பனிப்பாதையைத் திறக்கும் இயந்திரம் ஊர் எல்லைக்கு வந்துவிட்டது, சத்தம் கேட்டது. ஆஸ்பத்திரி வண்டி நாளைக்கு வரும் என்றார்கள். அன்று மத்தியானம் லிசவேத்தா கரண்டியால் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே அவன் மூச்சு நின்றது. அவள் அவன் கண்ணை மூடிவிட்டாள், வெளியே போய் சிகரெட் பற்றவைத்தாள். மூன்று குச்சி வீணாயிற்று.

டொம்னிகா பால் பாத்திரத்தோடு உள்ளே வந்தாள். பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. பாத்திரத்தை மேஜை மேல் வைத்தாள். நான் காத்துக்கொண்டிருந்தேன். ஐயோ என் மெத்தையில் சாவு விழுந்துவிட்டதே, எனக்கு முன்னால் போய் என் கட்டிலைப் பிடித்துக்கொண்டானே என்று ஆரம்பிப்பாள், அதற்காகவே நாக்கு நுனியில் நல்லதாக ஒன்று தீட்டி வைத்திருந்தேன். ஆற்றுத் தண்ணீரும் பச்சை மண் தரையும் குடித்த உயிர் அது, இவளைச் சும்மா விடக் கூடாது என்றிருந்தேன்.

அவள் அவன் பக்கத்தில் போனாள். ரஜாயை இழுத்து, கழுத்துவரை போர்த்திவிட்டாள், இன்னும் குளிரும் என்பது போல. பாதத்தை உள்ளே தள்ளி ஓரங்களை மடித்தாள்.

"அவனுக்கு அங்க யாரைத் தெரியும் தெக்லா?" என்றாள். "போனதும் களைப்பா இருக்கும். நல்லா நடுவுல படுத்துத் தூங்கட்டும். நான் வரும்போது ஓரமா படுத்துக்கறேன்."

நான் தீட்டி வைத்திருந்ததை விட்டுவிட்டு, செத்தவருக்கு வேகவைக்கிற கோதுமையைத் தித்து பெயரில் இன்றைக்கே ஊறப்போடட்டுமா என்று மட்டும் கேட்டேன்.